தேடற் கருவிகளின் விளக்கக் குறிப்புகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கருவியின் பயன் அதன் ஆற்றலால் மட்டும் அமைவதன்று. அதனைக் கையாள்வார்க்கு அதன் இயல்பை உணர்த்தும் விளக்கத்தாலும் அமைவதாகும். இணையத்தில் உள்ளனவற்றைத் தேடித்தரும் கருவிகளுக்கு நெடுங்காலம் அவ்விளக்கம் பெரும்பாலும் மாந்தர் பொருட்டே எழுதப்பட்டது. அண்மையில், இட்ட பணியை முடித்தற்கு வேண்டிய படிகளைத் தாமே தெரிந்து செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் தோன்றியபின், அவ்விளக்கத்தைப் படிப்பது இயந்திரமாயிற்று. இம்மாற்றம் நேர்ந்த வரலாறும், அதனால் எழுந்த பொறுப்பும் ஈண்டு ஆராயப்படும்.

1990ஆம் ஆண்டிலே கனடாவின் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் அலன் எம்ரேஜ் முதலாயினோர் ஆர்ச்சி என்னும் கருவியை அமைத்தனர். பலரும் அணுகத்தக்க களஞ்சியங்களிலுள்ள கோப்புகளின் பெயர்களை அது தொகுத்து வைத்தது; அக்கோப்புகளின் உள்ளடக்கத்தை அஃது அறியாது. ஆகவே, பெயரைத் தேடும் கருவியிடம் பொருளைத் தேடியவன் வெறுங்கையனாய் மீளநேரும். கருவி யாது செய்யும் என்பதோடு யாது செய்யாது என்பதும் அறியப்படல் வேண்டும் என்னும் உண்மை, தொடக்கத்திலேயே இவ்வாறு புலனாயிற்று.

இயந்திரம் படித்தற்கென மனிதன் எழுதும் வழக்கத்தை வளர்த்தவருள் மார்ட்டைன் கொஸ்ரர் குறிப்பிடத்தக்கவர். 1993இல் அவர் அறிவித்த அலிவெப் என்னும் கருவி, தளத்தை உடையோர் தாமே வரையறுத்த அமைப்பில் எழுதிவைத்த விவரணங்களைத் திரட்டியது. 1994இல் அவர் முன்மொழிந்த மற்றொரு முறைப்படி, ஒரு தளத்தின் எப்பகுதிகளுள் தேடும் இயந்திரங்கள் புகலாகாது என்பது ஒரு சிறு கோப்பில் எழுதப்பட்டது. அம்முறை 2022இல் இணையத் தரநிலை ஆவணமாக வெளியிடப்பட்டது. எனினும், அக்கால இயந்திரங்கள் வரையறுத்த சொற்களை ஒப்புநோக்கினவேயன்றி, வாக்கியத்தின் பொருளை உணர்ந்தனவல்ல.

2002இல் கூகிள் நிறுவனம், பிற செய்நிரல்கள் தன் தேடலைப் பயன்படுத்துமாறு ஒரு வாயில் திறந்தது. நாளொன்றுக்கு 1,000 வினாக்கள் என்பது அதன் எல்லை. அதற்குரிய விளக்கத்தைப் படித்தவன் செய்நிரல் எழுதுவோனே. குறிப்பில் ஐயம் நிகழின் அவன் சோதித்துப் பார்ப்பான், அறிந்தாரை வினவுவான், தவறு கண்டவிடத்துத் திருத்துவான். கருவிக்கும் இயந்திரத்துக்கும் இடையே அவன் நின்றமையால், குறிப்பின் குறைகள் பெரிதும் மறைந்தன.

இவ்விடையாள் நீங்கிய வரலாறு மிகக் குறுகியது. 2021 டிசெம்பரில் ஓப்பின் ஏஐ நிறுவனம் வெளியிட்ட வெப் ஜீ.பி.ரி. என்னும் ஆய்வில், மாந்தர் தேடிக்காட்டியதைப் பார்த்து ஒரு மொழி மாதிரி தேடக் கற்றது. 2022 ஒக்ரோபரில் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தாரும் கூகிள் ஆய்வாளரும் வெளியிட்ட ரீஅக்ற் என்னும் ஆய்வில், விக்கிபீடியாவைத் தேடுதற்கு மூன்று கட்டளைகளே கொடுக்கப்பட்டன: தேடுதல், பக்கத்துள் ஒரு சொல்லை நாடுதல், விடைகூறி முடித்தல். தேடிய தலைப்பு உளதாயின் அதன் முதல் ஐந்து வாக்கியங்களும், இலதாயின் அதனையொத்த ஐந்து தலைப்புகளும் கிடைத்தன. சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டே மாதிரி அக்கட்டளைகளைக் கையாண்டது. 2023 ஜூனில் ஓப்பின் ஏஐ, கருவியின் பெயர், இயல்பான மொழியில் அமைந்த விளக்கம், அதற்கு இடவேண்டிய உள்ளீடுகள் என்னும் மூன்றையும் மாதிரிக்கு அளிக்கும் முறையை வெளியிட்டது. 2024 நவெம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம், கருவிகள் தம் விளக்கத்தை முகவர்க்குத் தாமே அறிவிக்கும் பொது நெறியொன்றை வெளியிட்டது.

இம்முறையில் முகவர் பொதுவாகக் கருவியின் உள்ளமைப்பைக் காண்பதில்லை, குறிப்பையே காண்கிறது. தேடவேண்டுமா, எச்சொற்களால் தேடவேண்டும், கிடைத்ததை எவ்வாறு கொள்ளவேண்டும் என்பனவற்றை அக்குறிப்பைத் துணைக்கொண்டே துணிகிறது. பவணந்தியார் கூறிய நூற்குற்றங்களுள் குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் ஈண்டு மிகப் பொருந்துவன. கிடைப்பன பக்கத்தின் சிறு பகுதிகளே என்று கூறாதுவிடின், முகவர் பகுதியை முழுமையெனக் கொள்ளக்கூடும். செய்தியின் காலத்தைக் காட்டாதுவிடின், பழையதைப் புதியதென உரைக்கக்கூடும். தேடுங் கருவிக்கும் பக்கத்தைக் கொணருங் கருவிக்கும் வேறுபாடு தோன்ற எழுதாவிடின், ஒன்றற்கு மற்றொன்றை அழைக்கக்கூடும். யாவற்றினும் கொடியது, "ஒன்றும் இல்லை" என்பதற்கும் "தேடல் நிறைவேறவில்லை" என்பதற்கும் வேறுபாடு காட்டாமையாகும். அவ்வழி, கருவியின் தோல்வி பொருளின் இன்மையாகவே உலகுக்கு அறிவிக்கப்படும். ஆர்ச்சி காலத்துக் குறை மீண்டும் தலைதூக்குமிடம் இதுவே.

மற்றுமோர் இடரும் உண்டு. கொணரப்பட்ட பக்கத்தில் எவரேனும் முகவரை ஏவும் கட்டளைகளை மறைத்து வைக்கலாம். 2022இலேயே இவ்வகைத் தாக்குதலுக்கு ஒரு பெயர் வழங்கலாயிற்று. தேடிக் கிடைத்தது சான்றேயன்றி ஏவலன்று எனக் குறிப்பு உரைத்தல் வேண்டும்; ஆயினும் குறிப்பொன்றே போதிய காவலாகாது. முகவரின் அதிகாரத்துக்கும் எல்லை வகுத்தல் வேண்டும்.

வினாவும் மாணவன் விடையைக் காண்பானேயன்றி, அவ்விடைக்கு வழிகாட்டிய குறிப்பைக் காணான். காணாத அக்குறிப்பின் பிழையைத் திருத்தவும் அவனால் இயலாது. ஆதலின், அதனை எழுதுவோர் தம் கருவியின் ஆற்றலைப் புகழ்வதினும் அதன் எல்லையை உள்ளவாறு உரைத்தலே கடனாகும். இடையாள் செய்துவந்த திருத்தப்பணி இன்று எழுதுவோர் கையிலேயே தங்கியுள்ளது.