ராஜராஜனுக்கு வெல்வெட் ஏது?

"சார், நீங்க இன்ஜினியர். மலருக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடுங்க" என்று நம் கல்லூரியின் இன்றைய மாணவத் தம்பி ஒருவர் கேட்டார். நான் பார்க்கும் வேலையைப் பற்றி எழுதினால் என் மனைவிகூடப் படிக்க மாட்டாள். ஆகவே தையலைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். இதிலும் அளவு உண்டு, வரைபடம் உண்டு, வெட்டு உண்டு, பிழையும் உண்டு. பிழை என்னுடையது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2009-ஆம் வருடக் கல்லூரி விழா நம் செட் நண்பர்களுக்கு நினைவிருக்கும். ராஜராஜ சோழன் நாடகம் போட்டோம். வாடகைக்கு உடை எடுக்கப் பணம் போதவில்லை. "எங்கம்மா தைப்பாங்க" என்று நான் வாயை விட்டுவிட்டேன். பாண்டி பஜாரில் அரக்கு நிற வெல்வெட், ரங்கநாதன் தெருவில் சரிகை லேஸ், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கெம்பு வைத்த மாலை என்று இரண்டு நாள் அலைந்தோம். எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று ராத்திரி மிஷின் ஓடியது. ஹாஸ்டல் பையன்கள் அட்டையை வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டி, கிரீடம் செய்தார்கள். அம்மா முழங்கால் வரை தொங்கும் கோட்டு ஒன்றைத் தைத்து, கழுத்திலும் கையிலும் சரிகை வைத்து முடித்தாள். நோட்டீசில் நான்தான் பெருமையாகப் போட்டேன்: ‘அசல் சோழர் கால உடைகளுடன்!’

நாடகம் முடிந்தது, கைதட்டல் பிரமாதம். நடுவராக வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, தையல் நன்னாருக்கு. ஆனா ராஜராஜனுக்கு வெல்வெட் ஏது? நோட்டீசுல அசல்னு போட்டிருக்கியே, எங்கே பார்த்தே?" என்றார். எனக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நடுவர்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "எனக்கு சினிமாவுல பார்த்த ராஜாதான் தெரியும். படிக்கிறவன் நீ. நீன்னா பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லியிருக்கணும்?" என்றாள். மூன்று ராத்திரி கண் விழித்தவள் கேட்ட கேள்வி அது. அன்றைக்குத் தலை குனிந்ததுதான், அப்புறம் கிடைத்த நேரத்திலெல்லாம் இந்த விஷயத்தைத் தேட ஆரம்பித்தேன்.

ராஜராஜன் காலத்து உடையைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அவர் கட்டி 1010-இல் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்வழியில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. பிற்கால நாயக்கர் ஓவியத்தின் அடியில் மறைந்து கிடந்தவற்றை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்து வெளியுலகுக்குச் சொன்னார். அந்த வழியில் எல்லோரையும் விடுவதில்லை. புத்தகங்களில் வந்த படங்களைத்தான் நான் பார்த்தேன். ராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்று பலரும் கருதும் ஓவியத்தில் இருவருக்கும் மேல்சட்டை இல்லை. தலைமுடியைக் கொண்டையாகக் கட்டியிருக்கிறார்கள். கோட்டும் இல்லை, வெல்வெட்டும் இல்லை!

அப்படியானால் நம் முன்னோருக்குத் தைக்கவே தெரியாதா? அதுவும் தப்பு. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில் துன்னகாரர் வருகிறார்கள். துன்னகாரர் என்றால் தையற்காரர்தான். முல்லைப்பாட்டில் யவனக் காவலர் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஊசியும் நூலும் ஊரில் இருந்தன. ஆனால் வெயில் கொளுத்தும் நாட்டில் பெரும்பாலும் துணியை வெட்டாமல் சுற்றிக் கட்டினார்கள். உடம்பை அலங்கரிக்கும் வேலையை நகை பார்த்துக்கொண்டது.

பின்னே எங்கள் வெல்வெட் கோட்டு எங்கிருந்து வந்தது? தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களின் ஓவியங்களைப் பாருங்கள். இரண்டாம் சரபோஜி (1777–1832) நீண்ட அங்கியும் தலைப்பாகையுமாக இருப்பார். 19-ஆம் நூற்றாண்டில் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக வந்து பளபளக்கும் உடையும் வண்ணத் திரையும் காட்டிக் கூட்டத்தை மயக்கின. 1891-இல் பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்த உற்சாகத்தில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசிய சபை அது. அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்கள் ராஜராஜ சோழனை மேடையேற்றினார்கள். அந்த நாடகமே 1973-இல் சிவாஜி நடிக்க சினிமாஸ்கோப் படமாயிற்று. இப்படி மராட்டிய அரண்மனை, கம்பெனி மேடை, வெள்ளித்திரை எல்லாம் கலந்து ஒரு ராஜா நம் மனசில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தைத்தது அந்த ராஜாவுக்குத்தான். அதுவும் ஒரு சரித்திரம். நூறு வருட மேடைச் சரித்திரம். ஆயிரம் வருடச் சோழச் சரித்திரம் என்று நோட்டீசில் போட்டதுதான் தவறு.

இதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியில் இன்னோர் உடை இருக்கிறது. என் தங்கையின் பரதநாட்டிய அரங்கேற்ற உடை. தன் நிச்சயதார்த்தக் காஞ்சிப் பட்டுப் புடவையையே கத்தரியால் வெட்டி அம்மா தைத்தது. கால்சட்டை, நடுவே விசிறி, பின்புறத்துக்கு ஒரு துணி, ரவிக்கை, மேலாக்கு. "இதாவது ஆயிரம் வருஷப் பழசுதானே?" என்றேன். அம்மா, "எனக்கென்ன தெரியும், அதையும் போய்ப் பாரு" என்றாள். பார்த்தேன். அதற்கு நூறு வயசுகூட ஆகவில்லை!

1935 டிசம்பரில் அடையாறு தியசாபிகல் சங்க வளாகத்தில், சங்கத்தின் வைர விழா மாநாட்டில், ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986) முதன்முதலாகப் பரதநாட்டியம் ஆடினார். அதற்கு என்ன உடை என்ற கேள்வி வந்தபோது அவர் கோயில் சிற்பங்களைப் பார்த்து யோசித்தார். சென்னையில் இருந்த மேடம் கஸான் என்ற இத்தாலியப் பெண்மணி தையலில் உதவினார். அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், பிற்பாடு கலாக்ஷேத்திரம் என்று பெயர் பெற்ற கலைப்பள்ளி உருவாயிற்று. 1937-இல் அங்கே நெசவுக்கூடமும் வந்தது. மறைந்துகொண்டிருந்த பழைய கரைகளும் நிறச் சேர்க்கைகளும் மறுபடி தறி ஏறின. சிற்பம் நம்முடையது, பட்டு நம்முடையது, தையல் யோசனையில் இத்தாலிக்கும் பங்கு உண்டு. அதைத்தான் நாம் ‘தொன்றுதொட்டு’ என்கிறோம்.

அதற்கு முன்னால் ஆடியவர்கள் என்ன உடுத்தினார்கள்? தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள் கால்சட்டைமேல் புடவையைச் சுற்றி, முன்னால் கொசுவம் விட்டு, இடுப்பில் ஒட்டியாணம் இறுக்கி ஆடினார்கள். 1838-இல் புதுச்சேரி அருகே திருவந்திபுரத்திலிருந்து அம்மணி முதலான பெண்கள் பாரீஸ் போய் ஆடினார்கள். அங்கே ஜான் ஆகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியை வெண்கலச் சிலையாகவே வார்த்துவிட்டார். ஆக, இன்றைய விசிறிக்கு மூதாதை அந்தக் கொசுவம்தான். புடவையாகக் கட்டியதை வெட்டித் தைத்ததுதான் 1935-இன் புதுமை.

இங்கேதான் எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது. எங்கள் வீட்டிலிருந்து கபாலீஸ்வரர் கோயில் நடக்கிற தூரம். அந்தக் கோயில் மரபில் வந்தவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். ருக்மிணி தேவியும் அவரிடம் கற்றார், பாலசரஸ்வதியும் (1918–1984) அவரிடம் அபிநயம் கற்றார். பாலசரஸ்வதி கடைசிவரை பழைய புடவைக்கட்டுச் சாயலையே மேடையில் வைத்துக்கொண்டார். 1947-இல் வந்த சட்டம் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்தது. அந்தச் சட்டம் பல பெண்களுக்கு விடுதலை. ஆனால் அந்தக் குடும்பங்களின் ஆட்டமும் உடுத்தும் முறையும் மெல்ல மேடையை விட்டு இறங்கின. புது உடை அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பழசு என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், நிஜமாகவே பழசை உடுத்தியவர்களை நாம் மறந்துபோகிறோம். என் நோட்டீசில் இருந்த ‘அசல்’ என்ற வார்த்தைகூட அப்படிப்பட்டதுதான்.

சரி, டெக்னிக்கலாக எழுதச் சொன்னார்களே! விசிறி எப்படி வேலை செய்கிறது? அரைமண்டியில் முழங்கால்கள் இரு பக்கமும் விலகும்போது நடுவில் துணி வேண்டும். நேராக நிற்கும்போது அது தொங்கித் தடுக்கக் கூடாது. துணியை மடிப்பில் சேமித்து வைப்பதுதான் வழி. 2 அங்குல மடிப்பாக 20 மடிப்பு என்றால் 40 அங்குலத் துணி ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிவிடும். மேலே மட்டும் தைத்து, கீழே விட்டுவிட வேண்டும். பட்டு, மடிப்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கீழே வரும் சரிகைக் கரை கனமாக இருப்பதால், ஆட்டக்காரி நிமிர்ந்ததும் விசிறி தானாக மூடும். அம்மா இதை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பழுப்புக் காகிதத்தில் வரைந்து, வெட்டி, தங்கையை அரைமண்டியில் உட்காரச் சொல்லி அளவெடுத்தாள். நின்றபடி எடுத்தால் உடை கிழியும் என்பாள். உள்ளே 2 அங்குலம் துணி விட்டுத் தைப்பாள், பெண் வளர வளரப் பிரித்து விடலாம். ஆடி முடித்ததும் வியர்வை ஈரத்தோடு பெட்டியில் வைக்கக் கூடாது. உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்தி, மடிப்பை மடிப்பாகவே நாடாவால் கட்டி வைக்க வேண்டும். அப்படி வைத்ததால்தான் இத்தனை வருடம் கழித்தும் அந்த விசிறி இன்றைக்கும் விரிகிறது.

இந்த வருட விழாவுக்கு மறுபடி சோழர் நாடகம் என்று தம்பிகள் சொன்னதும் நான் ஓவியப் படங்களைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "டேய், இதுல தைக்க ஒண்ணுமே இல்லையேடா! கட்டத் தெரிஞ்சா போதும்" என்று சிரித்தாள். உண்மைதான். தையல் கொஞ்சம், கட்டு நிறைய, நகை அதைவிட நிறைய. கழுத்தணி, தோள்வளை, இடுப்புப் பட்டி எல்லாம் அட்டையும் கேன்வாஸும் வைத்து வீட்டிலேயே செய்யலாம். வெற்றுடம்போடு மேடையில் நிற்க வெட்கப்படும் ராஜாக்கள் இப்போதே தண்டால் எடுக்கத் தொடங்கவும். வெட்கம் தீராவிட்டால் வெல்வெட் கோட்டையே போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. நோட்டீசில் மட்டும் ‘கம்பெனி நாடகப் பாணி’ என்று உள்ளதைப் போடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது ஊசியில் நூல் கோப்பது சிரமமாகிவிட்டது. காகித அச்சுகள் ஓரம் பொடிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை நான் வரைபடத் தாளில் அளவோடு பிரதி எடுத்து வருகிறேன். நான் நன்றாகப் படித்த வரைபடப் பாடம் ஒருவழியாகப் பயன்பட்டது! ஆனால் கை பழகாமல் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? "யாராவது வந்தா சொல்லித் தரேன், ஆம்பளைப் பசங்களும் வரலாம்" என்கிறாள். வாருங்கள், மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வரும்போது ஒரு படத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். ஏனென்றால், அம்மா இப்போதெல்லாம் துணியைத் தொடுவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, "எங்கே பார்த்தே?" என்பதுதான்.