மறுபக்கத்துப் பாட்டு

1950ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி, மெர்க்குரி நிறுவனம் பேட்டி பேஜ் பாடிய ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. முன்பக்கத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிய துள்ளல் பாட்டு. பண்டிகை நேரத்தில் அதுதான் விற்கும் என்று நிறுவனம் நம்பியது. தட்டின் மறுபக்கத்தை நிரப்ப, ஏற்கெனவே பலர் பாடிவிட்ட கன்ட்ரி பாட்டு ஒன்று. ஆனால் ஜனங்கள் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்தது அந்த மறுபக்கத்துப் பாட்டுதான். அதன் பெயர் ‘டென்னசி வால்ட்ஸ்’.

இந்தப் பாட்டு பிறந்தது ஓடும் வண்டியில். 1946இல் பீ வீ கிங்கும் அவர் குழுவின் பாடகர் ரெட் ஸ்டூவர்ட்டும் வாத்தியங்களை ஏற்றிய டிரக்கில் நாஷ்வில் நகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். வானொலியில் பில் மன்ரோவின் ‘கென்டக்கி வால்ட்ஸ்’ ஒலித்தது. கென்டக்கிக்கு ஒரு வால்ட்ஸ் இருக்கிறது, நமக்குச் சோறு போடும் டென்னசிக்கு ஏன் இல்லை என்று பேச்சு வந்தது. பெயரே வைக்காமல் மேடைகளில் வாசித்துவந்த மெட்டு ஒன்று குழுவிடம் இருந்தது. ஒரு பெரிய தீப்பெட்டியைப் பிரித்து, அதன் அட்டையில் ஸ்டூவர்ட் வரிகளை எழுதினார்.

கிங் டென்னசிக்காரர் அல்ல. விஸ்கான்சினில் போலந்து வம்சாவளிக் குடும்பத்தில் 1914இல் பிறந்தவர், அக்கார்டியன் வாசித்தவர். போல்காவும் வால்ட்ஸும் வீட்டிலேயே புழங்கிய பிள்ளை. அந்த மெட்டின் மூன்று தட்டுச் சுழற்சி, நம் திஸ்ர நடைபோல உடம்பைத் தானாக அசைய வைக்கும் அந்த ஓட்டம், அங்கிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கதை மிகச் சிறியது. காதலரோடு ஆடிக்கொண்டிருக்கும்போது பழைய நண்பர் ஒருவர் எதிர்ப்படுகிறார். அறிமுகம் செய்து வைக்கிறோம். அவர்கள் இருவரும் ஆடுகிறார்கள், காதல் கைமாறிவிடுகிறது. அப்போது ஒலித்த இசைதான் டென்னசி வால்ட்ஸ். கவனித்துப் பாருங்கள்: பாட்டுக்குள் பேசப்படும் அந்த வால்ட்ஸ் நமக்குக் கேட்பதே இல்லை. அதைப் பறிகொடுத்தவரின் நினைவு மட்டும்தான் கேட்கிறது. யார் பாடினாலும் அவருடைய இழப்பாக இந்தப் பாட்டு மாறிக்கொள்வதற்கு இதுவே காரணம் என்பேன். ஆண் பாடலாம், பெண் பாடலாம். ஓரிரு சொல்லை மாற்றினால் போதும்.

1948 ஜனவரி முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுகளைப் புறக்கணிக்கப் போவதாக அறிவித்திருந்தது. எல்லா நிறுவனங்களும் அவசர அவசரமாகப் பதிந்து குவித்துக்கொண்டிருந்த 1947 டிசம்பரில்தான் கிங் தன் குழுவோடு இதைப் பதிவு செய்தார். முன்பு அவர் குழுவிலேயே பாடியிருந்த கவ்பாய் கோபாஸும் இதைப் பாடினார். 1948இல் இரண்டு தட்டுகளும் கன்ட்ரி பட்டியலில் ஓடின. அத்தோடு அடங்கியிருக்க வேண்டிய பாட்டு இது.

அடங்கியிருக்க வேண்டும் என்று சொல்லக் காரணம் உண்டு. அன்றைய அமெரிக்க இசை வணிகம் வேலி போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது. வெள்ளைக் கிராமத்தாருக்கு ஒரு பட்டியல், நகரத்து வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பின மக்களுக்கு ஒன்று. கடைசிப் பட்டியலுக்கு 1949 வரை ‘இனத்தட்டுகள்’ என்ற பொருளில்தான் பெயர். அதை ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றியவர் பில்போர்டு பத்திரிகையில் வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1950இல் எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் என்ற கறுப்பினக் குழுத்தலைவர் இந்தக் கன்ட்ரி பாட்டை எடுத்துத் தன் பாணியில் பதிந்தார். அந்தத் தட்டு பெரிதாக ஓடவில்லை. ஆனால் வெக்ஸ்லர் அதைக் கேட்டார். பேட்டி பேஜின் மேலாளர் ஜாக் ரேலிடம் சொன்னார். அந்த வழியாகத்தான் பாட்டு பேஜிடம் வந்தது. ஒக்லஹோமாவில் பிறந்து வளர்ந்த வெள்ளைப் பாடகிக்குத் தன் மண்ணின் கன்ட்ரி பாட்டு ஒரு கறுப்பினக் கலைஞரின் தட்டு வழியாக வந்து சேர்ந்தது. வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. ஹாக்கின்ஸ் இல்லையென்றால் அந்த மறுபக்கத்தில் வேறு ஏதோ பாட்டு இருந்திருக்கும்.

பேஜ் செய்த புதுமை குரலில் இருந்தது. முதலில் ஒரு முறை பாடிப் பதிவார்கள். அதை ஒலிக்கவிட்டு, அதன்மேல் அவரே இணைக்குரல் பாடுவார். 1947இல் ‘கன்ஃபெஸ்’ பாட்டுக்கு இந்த முறையை அவர்கள் கைக்கொண்டபோது, துணைப் பாடகர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதுதான் காரணம். இங்கே அந்தச் சிக்கனமே அர்த்தமாகிவிட்டது. தனித்து விடப்பட்ட ஒரு பெண்ணுக்குத் துணையாக அவள் குரலே வருகிறது. பேஜ் எங்கும் அழவில்லை, எந்தச் சொல்லையும் அழுத்தவில்லை. பாப் பட்டியலில் முதலிடம் பிடித்த அதே தட்டு கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது.

உடனே ஜோ ஸ்டாஃபோர்ட், லெஸ் பால்-மேரி ஃபோர்ட் இணை, கை லொம்பார்டோ என்று ஆளுக்கொரு பதிப்பு. இதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. நம் திரைப்பாட்டு ஒரு குரலோடு முத்திரை குத்தப்பட்டது. அன்றைய அமெரிக்கப் பாட்டோ, ஒரே கீர்த்தனை வெவ்வேறு பாடாந்தரத்தில் வழங்குவதுபோல, பாடகரைவிடப் பெரியதாக இருந்தது. எத்தனை பேர் பாடினாலும் எழுதியவர்களுக்கும் உரிமை வைத்திருந்த ஏகஃப்-ரோஸ் நிறுவனத்துக்கும் பங்கு போய்ச் சேரும். 1942இல் நாஷ்வில்லில் தொடங்கிய சிறு நிறுவனம் அது. அந்த நகரம் இசைத்தொழிலின் தலைநகராக வளர்ந்ததில் இந்த ஒரு பாட்டின் வருமானத்துக்குக் கணிசமான பங்குண்டு.

பாட்டு கடல் தாண்டியதும் போரின் வழியாகத்தான். தோற்ற ஜப்பானில் அமெரிக்கப் படைமுகாம்களில் பாடி வளர்ந்த சிறுமி எரி சியெமி. 1952 ஜனவரியில், 15 வயதில், ஜப்பானியமும் ஆங்கிலமும் கலந்து இதைப் பாடித் தன் முதல் தட்டை வெளியிட்டார். ஆக்கிரமிப்பு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்த நேரம். படையினரைச் சந்தோஷப்படுத்தக் கற்ற பாட்டை அவர் ஜப்பானியரின் பாட்டாக மாற்றினார். ஒரு தலைமுறையே அதை அவர் குரலில்தான் அறிந்தது. பிறகு நடிகர் தகாகுரா கென்னை மணந்தார், 1971இல் பிரிந்தார், 1982இல் இறந்தார். 1999இல் ‘போப்போயா’ படத்தில், மனைவியை இழந்த ரயில் நிலைய அதிகாரியாகத் தகாகுரா நடித்தார். அந்தப் படத்தில் இந்த மெட்டு வருகிறது. ஜப்பானில் அதைப் பார்த்தவர்களுக்கு யார் நினைவு வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1964இல் சாம் குக் வால்ட்ஸின் சுழற்சியையே உடைத்தார். கைதட்டி ஆடவைக்கும் வேகம். துக்கத்தை உதறிவிட்டு நடக்கிறவரின் பாட்டு. அடுத்த ஆண்டு டென்னசி அரசு இதை மாநிலப் பாடலாக்கியது. அதற்கும் அடுத்த ஆண்டு, 1966இல், அதே டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓட்டிஸ் ரெட்டிங் இதைப் பாடினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த கூடம் அது. மெதுவாகத் தொடங்குகிறார், போகப் போகச் சொற்கள் தீர்ந்து குரல் மட்டும் கெஞ்சுகிறது. என் காதுக்கு இதுவே இந்தப் பாட்டின் உச்சம். அந்தத் தட்டை நாடெங்கும் கொண்டு சேர்த்தது அட்லாண்டிக் நிறுவனம். 1953 முதல் அதன் பங்குதாரர், ஹாக்கின்ஸின் தட்டைக் கேட்டுப் பேஜ் பக்கம் அனுப்பிய அதே ஜெர்ரி வெக்ஸ்லர்.

1985இல் மான்ட்ரூ இசைவிழாவில் லெனார்ட் கோஹன் இதைப் பாடியபோது, தானே எழுதிய ஒரு சரணத்தைச் சேர்த்துக்கொண்டார். 2004இல் வெளியான அவருடைய ‘டியர் ஹெதர்’ தொகுப்பின் கடைசிப் பாட்டாக அந்த மேடைப் பதிவு இடம்பெற்றது.