மாலுமியும் முஅல்லிமும்: விண்மீன் பார்த்துக் கப்பல் ஓட்டிய கல்வி

நாம் தமிழில் மாலுமி என்று சொல்கிறோமே, அந்தச் சொல் அரபியின் ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்தது. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவரும் முஅல்லிம். நடுக்கடலில் கப்பலுக்குத் திசை சொல்பவரும் முஅல்லிம். கப்பலுக்குப் பொறுப்பானவர் நாகுதா. ஆனால் எந்த விண்மீனை நோக்கிச் சுக்கானைப் பிடிப்பது, எப்போது திரும்புவது என்பதில் முஅல்லிமின் சொல்லே இறுதி.

‘நட்சத்திரம் பார்ப்பது’ என்றதும் ஜோதிடம் என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். விண்மீனைக் கொண்டு ஒருவரின் விதியைச் சொல்வது வேறு, வழியை அறிவது வேறு. கடலிலும் தரையிலும் இருளில் வழியறிய விண்மீன்கள் உதவுவதை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் நினைவூட்டுகிறது. கிப்லாவையும் தொழுகை நேரங்களையும் கணிக்க நம் முன்னோர் வளர்த்த வானியலும் இந்த இரண்டாவது வகைதான்.

இந்தக் கல்வியை எழுத்தில் நமக்கு விட்டுச் சென்றவர்களில் முதன்மையானவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல்கைமா அருகிலுள்ள ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். தந்தையும் பாட்டனாரும் முஅல்லிம்களே. ஹிஜ்ரி 895இல், அதாவது 1490ஐ ஒட்டி, அவர் முடித்த ‘கிதாபுல் ஃபவாயித்’ கடற்பயணக் கலையின் பெரும் நூல். முஅல்லிம்களை அவர் அதில் மூன்று தரமாகப் பிரிக்கிறார். ஒருவர் சில சமயம் சரியாகவும் சில சமயம் தவறாகவும் போய்ச் சேர்பவர். அடுத்தவர் தாம் போய்ப் பழகிய கடலில் தேர்ந்தவர். ஆனால் அவர் இறந்ததும் பெயர் மறைந்துவிடும். மூன்றாமவர் எந்தக் கடலும் புதிதல்லாதவர், கற்றதை எழுதியும் வைப்பவர். அவருக்குப் பின் ஹளரமவ்த்தின் ஷிஹ்ர் நகரைச் சேர்ந்த சுலைமான் அல்மஹ்ரீ எழுதினார். இருவர் நூல்களிலிருந்தும் எடுத்து, துருக்கியக் கடற்படைத் தலைவர் ஸைதீ அலீ ரயீஸ் 1554இல் அஹ்மதாபாத்தில் ‘முஹீத்’ நூலைத் தொகுத்தார்.

முஅல்லிமிடம் சேரும் மாணவர் முதலில் திசைகளை மனனம் செய்ய வேண்டும். தொடுவானம் 32 பிரிவாகப் பகுக்கப்பட்டிருந்தது. வடக்குக்கு ‘ஜாஹ்’, அதாவது துருவ விண்மீன். தெற்கு ‘குத்ப்’. இடையிலுள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விண்மீன் அல்லது விண்மீன் கூட்டத்தின் பெயர். உதிக்கும் பக்கம் ‘மத்லஃ’, மறையும் பக்கம் ‘மகீப்’. நேர்கிழக்கு தாயிர் உதிக்கும் திசை, நேர்மேற்கு அது மறையும் திசை. உண்மையில் தாயிர் கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளித்தான் உதிக்கிறது. ஆகவே இவற்றைத் திசைக்கு இட்ட பெயர்களாகக் கொள்ள வேண்டும். அந்த விண்மீன் அங்கேயே நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. காந்த ஊசியும் அவர்களிடம் இருந்தது, அதிலும் இதே பெயர்கள்தான்.

திசை தெரிந்தால் மட்டும் போதுமா? வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். அதற்குத்தான் விரல் கணக்கு. கையை நீட்டித் தொடுவானத்துக்கு மேல் விரல்களை வைத்து, ஜாஹ் எத்தனை ‘இஸ்பஃ’ உயரத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். ஒரு இஸ்பஃ சுமார் 1.6 பாகை. நேராக வடக்கே ஒரு நாள் முழுதும் ஓடினால் ஜாஹ் ஒரு விரல் உயரும். நாளை 3 மணி நேரம் கொண்ட 8 ‘ஸாம்’களாகப் பிரித்ததும் இதனால்தான். கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 4 கடல் மைல் வேகம் வருகிறது. பாய்மரக் கப்பலுக்கு இது நியாயமான வேகமே.

ஆளுக்கு ஆள் விரல் மாறும் என்பதால் கருவி வந்தது: ஒரு சிறு பலகை, நடுவில் கோத்த கயிறு, கயிற்றில் முடிச்சுகள். அரபிகள் அதைக் கமால் என்றனர். சோழமண்டலக் கரை மாலுமிகளிடமும் இதே கருவி இருந்தது, பெயர் ராப்பலகை. 1836இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்ஸெப் கமாலைப் பற்றி எழுதினார்; 1850இல் கேப்டன் காங்கிரீவ் நம் கரையினரின் கருவியை விவரித்தார். முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்தில் பொருத்தி, மேல்விளிம்பில் ஜாஹ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஊர்த் துறைமுகத்துக்கு உரிய முடிச்சில் விண்மீன் பொருந்தும்வரை வடக்கிலோ தெற்கிலோ ஓடி, பிறகு கிழக்கே அல்லது மேற்கே திரும்பினால் கரை வந்துவிடும். கிழக்கு மேற்குத் தூரத்தை அளக்க வழியில்லாத காலத்தில் இதுவே பாதுகாப்பான முறை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்று துருவ விண்மீன் உண்மையான துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. இப்னு மாஜித் காலத்தில் அது சுமார் மூன்றரை பாகை விலகிச் சுற்றியது. இரவின் எந்த நேரத்தில் அளந்தோம் என்பதைப் பொறுத்து அளவே மாறிவிடும். இந்தத் திருத்தத்துக்குப் பெயர் ‘பாஷீ’. 28 சந்திர மன்ஸில்களை வைத்து அதைக் கணித்தார்கள். ஜாஹ் தாழ்ந்து மறையும் தென்கடலில் ஃபர்கதான் என்னும் இரட்டை விண்மீன்களுக்கு மாறினார்கள்.

வாஸ்கோ ட காமாவை 1498இல் மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு அழைத்து வந்தவர் இப்னு மாஜித்தான் என்று நம் மேடைகளில் பேசப்படுகிறது. சிலர் பெருமையாகவும் சிலர் பழியாகவும் சொல்கிறார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மக்காவில் நஹ்ரவாலீ எழுதிய வரலாறு. போர்த்துகீசிய நூல்களோ ஒரு குஜராத்தி முஸ்லிமைக் குறிப்பிடுகின்றன. ஆய்வாளர்கள் பலர் இப்னு மாஜித்தை இதிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அவருடைய நூலே போதுமான பெருமை. உறுதியற்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1980–81இல் டிம் செவரின் ‘ஸொஹார்’ பாய்மரக் கப்பலில் ஓமானிலிருந்து சீனா சென்றபோது கமாலைச் சோதித்துப் பார்த்தார். அது வேலை செய்தது. கப்பல் அதிகாரிகளுக்கு வானைக் கொண்டு இடமறியும் பயிற்சி இன்றும் கட்டாயம். அமெரிக்கக் கடற்படைக் கழகம் கைவிட்ட அந்தப் பாடத்தை 2015இல் மீண்டும் தொடங்கியது. செயற்கைக்கோள் சமிக்ஞை தடைபட்டால் என்ன செய்வது என்ற கவலைதான் காரணம்.

வீட்டில் செய்து பார்ப்பதும் எளிது. 57 சென்டிமீட்டர் கயிற்றை ஓர் அட்டையின் நடுவில் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடியுங்கள். இப்போது அட்டையின் உயரத்தில் 1 சென்டிமீட்டர் ஏறக்குறைய 1 பாகை. சென்னைக்கு 13 சென்டிமீட்டர் அட்டை, காயல்பட்டினத்துக்கு எட்டரை. கடல் வடக்கே திறந்திருக்கும் கரையில், மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே, தொடுவானமும் விண்மீனும் சேர்ந்து தெரியும் சில நிமிடங்களில் பாருங்கள். நம் கரையில் ஜாஹ் தாழ்வாக நிற்பதால் கடல் மூட்டம் அடிக்கடி மறைக்கும். மழை விட்ட மறுநாள் நல்லது. அளவைத் தேதியுடன் எழுதி, கைப்பேசி காட்டும் அட்சரேகையோடு ஒப்பிடுங்கள். 1 பாகை பிசகினால் கடலில் 60 கடல் மைல். காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இடையிலான அட்சரேகை வேறுபாடு அதற்கும் குறைவு.