ரிவால்வரில் ஒரு போர்க்களம்

டெக்ஸ் வில்லரைத் தெரியாத காமிக்ஸ் ரசிகர் நம்மில் யாராவது உண்டா? சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் அவர் இடுப்பிலிருந்து ரிவால்வரை உருவும் கட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கணக்கு இருக்காது, ரிவால்வர்தான் இருக்கும் :)

அந்த ஆசையில்தான் நிஜமான பழைய ரிவால்வர்களின் படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அசந்து போனேன். நம் ஊர் ஆசாரி நகையில் செய்யும் நகாசு வேலை மாதிரி, இரும்பில் கொடியும் இலையும் ஓடுகிறது. சிலவற்றில் தங்கம் பதித்திருக்கிறார்கள். பிடி யானைத் தந்தம். ஒரு நாள் விடுதியில் அறை நண்பனிடம் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "வேலைப்பாட்டைப் பாருடா" என்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரிடா, இதுல துரத்துறது யாரு, ஓடுறது யாரு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்காவில் தன் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போதிருந்த துப்பாக்கிகளை ஒரு முறை சுட்டால் மறுபடியும் மருந்தும் குண்டும் போட வேண்டும். கோல்ட்டின் துப்பாக்கியிலோ குண்டுகள் சுழலும் சிலிண்டரில் வரிசையாக இருந்தன. ஆனாலும் வாங்க ஆளில்லை. நியூ ஜெர்சி மாநிலம் பேட்டர்சனில் இருந்த அவருடைய தொழிற்சாலை 1842-ல் மூடப்பட்டது.

அவரைக் காப்பாற்றியது டெக்சாஸ். 1844 ஜூனில் அங்கே ஜாக் ஹேஸ் தலைமையில் சுமார் 15 ரேஞ்சர்கள், தங்களைவிடப் பல மடங்கு இருந்த கோமான்சே வீரர்களோடு மோதினார்கள். வெள்ளைக்காரன் மருந்து திணிக்கும் நேரத்தில் ஒரு கோமான்சே வீரர் குதிரையில் இருந்தபடியே பல அம்புகளை விட்டுவிடுவார். அந்த அனுகூலம் அன்றோடு போயிற்று. ரேஞ்சர்கள் கையில் இருந்தது ஐந்து முறை சுடக்கூடிய கோல்ட். அந்தச் சண்டையில் ஈட்டிக் குத்து வாங்கிப் பிழைத்தவர் சாமுவேல் வாக்கர். இரண்டு வருடம் கழித்து அவர் ரிவால்வரைப் புகழ்ந்து கோல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் 1847-ன் 'வாக்கர் கோல்ட்'. ஆறு குண்டு, எடை சுமார் 2 கிலோ. மொத்தம் செய்யப்பட்டவை ஏறக்குறைய 1,100 மட்டுமே.

அதன் சிலிண்டரில் ஒரு படம் போட வேண்டும் என்று கோல்ட் நினைத்தார். அழைத்தது யாரைத் தெரியுமா? நியூயார்க்கில் கரன்சி நோட்டுகளுக்கு அச்சு செதுக்கிய ஆர்ம்ஸ்பி என்பவரை! கள்ள நோட்டு அடிக்க முடியாதபடி நுணுக்கமாகச் செதுக்குபவர் போட்ட படம் என்றால் போலித் துப்பாக்கி செய்வதும் கஷ்டம். ஒவ்வொரு சிலிண்டரையும் கையால் செதுக்கவில்லை. கெட்டியான எஃகு உருளையில் படத்தைச் செதுக்கி, அதை சிலிண்டர் மேல் அழுத்தி உருட்டினார்கள். பூ வேலை செய்த சப்பாத்திக் கட்டையை மாவில் உருட்டினால் பூ பதியுமே, அதே மாதிரி.

என்ன படம்? ரேஞ்சர்களும் கோமான்சேக்களும் மோதிய அந்தச் சண்டைதான். நண்பன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் பூவேலை போல ரசித்தது ஒரு போர்க்களம். ரேஞ்சர்கள் ரிவால்வரோடு யாரை எதிர்த்தார்களோ, அவர்கள் தோற்பதையே அதில் அலங்காரமாகப் பதித்திருக்கிறார்கள்.

கையால் செதுக்கியவை வேறு ரகம். அந்தக் கலைஞர்களில் பலர் ஜெர்மானிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கோல்ட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த குஸ்டவ் யங் பிரஷ்யாக்காரர். நியூயார்க்கில் இருந்த நிம்ஷ்கே, வேலை முடிந்ததும் அதன் மேல் மை தடவித் தாளில் ஒற்றியெடுத்து ஒரு நோட்டில் சேர்த்து வைத்தார். அந்த நோட்டு 1965-ல் புத்தகமாகவே வந்தது. ஒரு துப்பாக்கியில் இருப்பது அவர் கைவேலையா என்று சேகரிப்பாளர்கள் அதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இந்த அழகையும் கோல்ட் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார். 1854-ல் ரஷ்ய ஜார் முதலாம் நிக்கோலஸுக்குத் தங்கம் பதித்த ரிவால்வர்களைப் பரிசளித்தார். துருக்கி சுல்தான் அப்துல் மஜீதுக்கும் அதே போலப் பரிசு. அப்போது இந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் கிரிமியப் போரில் இருந்தார்கள்!

இன்று இவற்றின் விலை நம் கற்பனைக்கு எட்டாது. 2018-ல் ஒரு வாக்கர் கோல்ட் அமெரிக்காவில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அவ்வளவு பணம் இல்லாதவர்கள் இத்தாலியில் செய்யும் நகல்களை வாங்குகிறார்கள். 1959-ல் தொடங்கிய ஊபர்ட்டி நிறுவனம் இதில் பிரபலம். நம்ம டெக்ஸ் வில்லரும் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர்தான். ஊபர்ட்டியின் வாக்கர் நகலிலும் அதே கோமான்சே சண்டை அப்படியே பதிந்து வருகிறது.

சேகரிப்பவர்கள் பார்க்கும் ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. சிலிண்டர் படம் ஆழமில்லாதது. உறையில் செருகி எடுக்க எடுக்கத் தேய்ந்துவிடும். அதனால் படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு விலை. படம் பளிச்சென்று இருந்தால் அந்தத் துப்பாக்கி அதிகம் வெளியே போகவில்லை என்று அர்த்தம். உண்மையிலேயே சண்டைக்குப் போனவற்றில் சண்டைப் படம் அழிந்துபோயிருக்கிறது.

கோமான்சேக்களின் கடைசிக் கூட்டம் குவானா பார்க்கர் தலைமையில் 1875-ல் ஃபோர்ட் சில் கோட்டையில் சரணடைந்தது. அவர்களின் வாரிசுகள் இன்றும் ஓக்லஹோமாவில் வாழ்கிறார்கள். காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் ரேஞ்சர், அதே சமயம் நவஜோ மக்களின் தலைவர் 'இரவுக் கழுகு'. இரண்டு பக்கமும் அவருக்குச் சொந்தம். நிஜ ரேஞ்சரின் சிலிண்டரில் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் வரையச் சொன்னது ஒரு பக்கம் மட்டும்.

அதற்காக ரசிப்பதை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. ஆர்ம்ஸ்பியின் கோடுகளும் யங்கின் உளியும் இப்போதும் என்னை அசத்துகின்றன. ஆனால் இப்போதெல்லாம் ஒரு படத்தைப் பெரிதாக்கும்போது முதலில் நண்பனின் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். துரத்துவது யார்? ஓடுவது யார்? நீங்களும் அடுத்த முறை ஒரு பழைய ஆயுதத்தின் அழகில் மயங்கும்போது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.