வழியும் வழக்கும்

இலக்கண வகுப்பில் ‘வழக்கு’ என்ற சொல்லருகே நான் ஒவ்வோர் ஆண்டும் சற்று நின்றுவிடுவதுண்டு. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்னும்போது அது பழகிப் பழகி நிலைபெற்றதைக் குறிக்கிறது. நீதிமன்ற வாசலிலோ அதே சொல் தகராற்றைக் குறிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று மாணவர் யாரேனும் கேட்பார். நான் சொல்லிவந்த விடை எனக்கே நிறைவளித்ததில்லை. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஓர் ஏரிக்கரைக் குன்றின்மேல் ஏறும் நடைபாதையின் வரலாற்றைப் படித்தபோதுதான், அவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று தொடும் இடம் எனக்குப் புலப்பட்டது.

அந்த ஏரியின் பெயர் டெர்வென்ட்வாட்டர். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளம். கரையைச் சுற்றி நடந்துவர 16 கிலோமீட்டர். வடகரையில் கெஸிக் என்னும் சிற்றூர். ஊருக்குப் பின்னால் 931 மீட்டர் உயர்ந்து நிற்கிறது ஸ்கிடா மலை. அதன் காலடியில், பெரியவர் மடியில் சாய்ந்த பிள்ளையைப்போல் ஒரு குன்று: லாட்ரிக், 368 மீட்டர். அதன் உச்சியில் நின்றால் ஊரும் ஏரியும் அப்பாலுள்ள மலைகளும் ஒருங்கே தெரியும். பின்புறச் சாலை வழியாகச் சென்றால், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்தே உச்சிவரை கொண்டு செல்லலாம். சக்கர நாற்காலியில் வருவோருக்கும் ஏற்றவாறு அப்பாதை சீரமைக்கப்பட்டிருக்கிறது. இன்று அங்கு நடப்பவருக்கு அது மலையும் நீரும் காற்றும் தரும் கொடை. 1887-ஆம் ஆண்டில் அக்குன்றின்மேல் ஏறுவது அத்துமீறல்.

வேர்ட்ஸ்வொர்த்தைப் பயின்ற நமக்கு இந்த ஏரி நாடு அறிமுகமானதுதான். அவர் கவிஞர் மட்டுமல்லர். இப்பகுதிக்கு ஒரு வழிகாட்டி நூலும் எழுதியவர். 1810-இல் ஒரு படத்தொகுப்பின் முன்னுரையாகப் பிறந்த அந்நூல் 1835-இல் ஐந்தாம் பதிப்பைக் கண்டது. இந்நிலப்பரப்பை ஒருவகையில் தேசத்தின் பொதுச் சொத்தாகவே கருத வேண்டும் என்ற எண்ணத்தை அதில் வெளியிட்டார். ஆனால் 1844-இல் வின்டர்மியர் ஏரியை நோக்கி இருப்புப்பாதை வரவிருப்பதை அறிந்ததும், ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாக இங்குக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கும் நன்மையில்லை, இடத்துக்கும் நன்மையில்லை என்று நாளிதழில் வாதிட்டார். பொதுச் சொத்து என்றவரே பொதுமக்களைக் கண்டு அஞ்சினார். அழகைக் காப்பதா, அதன் வாயிலை எல்லோருக்கும் திறப்பதா என்ற இந்த இழுபறி அவரோடு முடிந்துவிடவில்லை.

இருப்புப்பாதை வந்தேவிட்டது. 1847-இல் வின்டர்மியருக்கும் 1865-இல் கெஸிக்குக்கும் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. விடுமுறைக்கு வந்தவர்கள் தலைமுறைகளாக ஊரார் நடந்த வழிகளிலேயே நடந்தார்கள். விடுதி நடத்தியவர்களுக்கும் படகு விட்டவர்களுக்கும் அந்த வழிகளே வாழ்வாயின. கூட்டம் பெருகப் பெருக நிலவுடைமையாளர்களின் பொறுமை குறைந்தது. ஏரியின் மேற்கரையில் ஃபா பார்க் எனும் மாளிகைத் தோட்டத்தின் ஊடாகச் சென்ற பாதை அடைக்கப்பட்டது. லாட்ரிக் குன்றின் உரிமையாளரான ஸ்பெடிங் குடும்பத்தினரும் வாயில்களைப் பூட்டினர்.

ஊரார் ஒரு நடைபாதைப் பாதுகாப்புச் சங்கத்தின்கீழ்த் திரண்டனர். அதன் தலைவர், அருகிலிருந்த கிராஸ்த்வெய்ட் திருச்சபையின் குருவான ஹார்ட்விக் ரான்ஸ்லி. செயலர், வழிகாட்டி நூல்கள் எழுதிய ஹென்றி இர்வின் ஜென்கின்சன். ஆகஸ்ட் இறுதியில் ஃபா பார்க் தடைகளை அகற்றினார்கள். அக்டோபர் 1, சனிக்கிழமையன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் லாட்ரிக் நோக்கிப் புறப்பட்டனர். கடப்பாரை முதலான கருவிகள் கையில் இருந்தன. கப்பல்களில் அளவுமீறிச் சுமையேற்றுவதைத் தடுக்கப் போராடிப் புகழ்பெற்ற சாமுவேல் பிளிம்சாலும் உடன் நடந்தார். தடைகளை அகற்றியபடி உச்சியை அடைந்து, தேசபக்திப் பாடல் பாடிவிட்டு இறங்கினார்கள். சங்கத் தலைவர் ரான்ஸ்லி அன்று வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரலாறு நாயகர்களை நாம் விரும்பும் வடிவில் தருவதில்லை.

விவகாரம் நீதிமன்றம் சென்றது. எதிரே இருந்த கேள்வி எளியது: இது யாருடைய வழி? நிலம் ஸ்பெடிங் குடும்பத்தினுடையது என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. மக்கள் ஒரு தடத்தில் மறைவாக அன்றி, வலிந்து புகாமல், அனுமதி கேட்காமல் நெடுங்காலம் நடந்து வந்திருந்தால், உரிமையாளர் அதனை என்றோ பொதுவுக்கு விட்டுவிட்டார் என்றே கொள்ளலாம். ஆகவே, எழுதப்பட்ட பத்திரத்துக்கு எதிராக மனிதர்களின் நினைவே சாட்சியாக நின்றது. சிறுவயதில் இதன்வழி ஏறினேன், என் தந்தையும் ஏறினார் என்று ஒரு முதியவர் சொல்வதற்கு அங்கே சட்ட மதிப்பு இருந்தது. பழக்கம் என்ற பொருளிலான வழக்கே, நீதிமன்றத்து வழக்கின் ஆதாரமாயிற்று.

1888 கோடையில், கார்லைல் நகரில் விசாரணைக்கு வந்த வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. உச்சிக்குச் செல்லும் பாதை பொதுவழியென ஏற்கப்பட்டது. பிறிதொரு பாதையின் மீதான உரிமைக் கோரிக்கையைச் சங்கம் விட்டுக்கொடுத்தது. முழு வெற்றியன்று, ஆனால் குன்று திறந்தது.

பாதை கிடைத்தால் போதாது, பாதைக்கு இருபுறமும் இருப்பது விலைபோகாதிருக்க வேண்டும் என்பதை ரான்ஸ்லி உணர்ந்திருந்தார். 1895-இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் ஆகியோருடன் சேர்ந்து அவர் நிறுவியதே ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அறநிறுவனம். 1902-இல் டெர்வென்ட்வாட்டரின் மேற்கரையில் பிராண்டில்ஹவ் என்ற 108 ஏக்கர் நிலம் விற்பனைக்கு வந்தபோது, 6,500 பவுண்டை ஐந்தே மாதங்களில் பொதுமக்களிடம் திரட்டினார்கள். நன்கொடையாளர்களுள் ஷெஃபீல்டு நகரத் தொழிலாளி ஒருவரும் இருந்தார். ஏரிகளைக் காண வாழ்நாளெல்லாம் ஏங்கியதாகவும், இனிக் காணப்போவதில்லை என்றாலும் பிறருக்காவது அவை இருக்கட்டும் என்றும் எழுதிச் சில வெள்ளிக்காசுகளை அனுப்பியிருந்தார். ஆலைத் தொழிலாளர்க்கு ஏரியழகு எட்டாது என வேர்ட்ஸ்வொர்த் எழுதி அறுபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. முன்பின் அறியாத ஒரு தொழிலாளி, வாதம் எதுவுமின்றி அவருக்குப் பதில் சொல்லிவிட்டார்.

சட்டம் மெல்ல மெல்லத் தொடர்ந்து வந்தது. இருபது ஆண்டுகள் தடையின்றி நடந்தால் அது பொதுவழி என 1932-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. பொதுவழிகளை வரைபடத்தில் குறிக்க வேண்டுமென 1949-ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. 1951-இல் ஏரி நாடு தேசியப் பூங்காவாயிற்று. 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஊரிலிருந்து கரையோரமாகச் சிறிது தொலைவு நடந்தால் ஃபிரையர்ஸ் கிராக் என்னும் பாறைமுனை வரும். சிறுவயதில் செவிலி தன்னை அங்கு அழைத்துச் சென்றதே தன் நினைவின் தொடக்கம் என எழுதியவர் ஜான் ரஸ்கின். அவருக்கு 1900-இல் அங்கே நினைவுக்கல் நாட்டியவரும் ரான்ஸ்லிதான். ஒரு குழந்தையின் கையைப் பிடித்து நீரோரம் நடத்திச் சென்ற அந்தச் செவிலியின் பெயரில் அங்குக் கல் இல்லை. இரண்டாயிரம் பேரில் பெரும்பாலோர்க்கும் இல்லை.

ஆயினும் வழி இருக்கிறது. நூலைப் பூட்டிவைத்துக் காக்கலாம். வழியை அவ்வாறு காக்க இயலாது. நடந்தால் இருக்கும், நடவாதொழிந்தால் புல் மூடும், அதன்பின் வேலி எழும். பொழுதுபோக்காக ஏரிக்கரையில் நடக்கும் குடும்பம் அறியாமலே ஓர் உரிமையைப் புதுப்பித்துச் செல்கிறது. தள்ளுவண்டியில் உறங்கும் குழந்தையும் அதற்கு ஒரு சாட்சி.

அடுத்த ஆண்டு ‘வழக்கு’ என்ற சொல் வரும்போது, மாணவர்களுக்கு முதலில் இந்தக் குன்றின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.