மாதோட்டத்து வெண்கலக் காசுகள்

உரோம நாணயம் என்றதும் சங்கப் பாடல்கள் கூறும் யவனர் பொன்னே நம் நினைவுக்கு வருகிறது. ஆயின் ஈழத்திற் கிடைத்த உரோம நாணயங்களுட் பெரும்பாலானவை கி.பி. நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சின்னஞ்சிறு வெண்கலக் காசுகளாகும். வன்னிப் பெருநிலத்தின் மேற்குக் கடல்வாயிலான மாதோட்டத்திலும் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன.

இவற்றுள் ஒருவகை நம் சிந்தனைக்குரியது. 388 முதலாகத் தியொடோசியசு, அவன் மைந்தர் ஆர்க்காடியசு, ஒனோரியசு ஆகியோர் பெயரில் வெளிவந்தது. எடை ஏறத்தாழ ஒரு கிராம். பின்புறத்தில் வெற்றித் தெய்வம் பகைவரின் படைக்கலச் சின்னத்தைத் தோளிற் சுமந்து, கைதியொருவனை இழுத்துச் செல்கிறாள். சுற்றிலும் 'அரசின் நலம்' எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம். ஆளும் வர்க்கம் தன் அரசின் நலம் யாதென இத்துணை வெளிப்படையாக உரைத்தல் அரிது! அதுவும் எக்காலத்தில்? 378இல் அட்ரியானோப்பிளிற் கோத்தியரிடம் தோற்றுப் பேரரசன் வாலன்சு மாண்டு பத்தாண்டு கழிந்தபின். 410இல் உரோம் நகரே சூறையாடப்பட்டது. களத்தில் இழந்ததைக் காசிலே வென்றனர் போலும்.

ஈழத்துச் சந்தையில் அவ்வாசகத்தைப் படித்தோர் எத்துணைப்பேர் இருந்திருப்பர்? எழுத்தும் உருவும் தேய்ந்த பின்னரும் காசு கைமாறியது. அதன் சாயலில் உள்ளூரிலும் காசுகள் ஆக்கப்பட்டன. அவற்றில் இலத்தீன் எழுத்துகள் வெறும் கீறல்களாயின. வேண்டப்பட்டது சில்லறையேயன்றிப் பேரரசனின் புகழன்று.

கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. ஆயினும் நாணயவியலார் பொதுவாக அரசர் வரிசையிலேயே காசுகளை அடுக்குவர். மாதோட்டத் துறையில் மூடை சுமந்தவனுக்கு இக்காசு கூலியாய்க் கிடைத்ததா, வணிகர் கையோடு நின்றதா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.