ரியாளத்: உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே சொல்

வாழப்பாடியில் தந்தையார் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்து முறையிட்டார். "ஹஜ்ரத், பையன் ஓதலிலும் படிப்பிலும் குறைவில்லை. ஆனால் அஸருக்குப் பின் மைதானத்தை விட்டு வர மாட்டேன் என்கிறான். நீங்கள்தாம் கண்டித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார். கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை விளக்க, நம் முன்னோரின் வரலாற்று ஏடுகள் சிலவற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

அரபு மொழியில் 'ரியாளத்' என்றொரு சொல் உண்டு. இன்றைய அரபுச் செய்தித்தாள்களில் விளையாட்டுப் பக்கத்தின் தலைப்பாக நிற்பது இச்சொல்லே. நஃப்ஸை அடக்கிப் பழக்கும் ஆன்மப் பயிற்சிக்கும் ஸூஃபிப் பெரியோர்கள் இதே சொல்லையே வழங்கினர். மைதானத்துக்கும் தனித்திருந்து திக்ரு செய்யும் அறைக்கும் ஒரே பெயர் எவ்வாறு பொருந்திற்று? முரட்டுக் குதிரைக் குட்டியைச் சவாரிக்குப் பழக்குவது என்பது இச்சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்று. பழக்குவோன் குதிரையின் வலிமையைக் குறைப்பதில்லை. அவ்வலிமை கடிவாளத்துக்கு இணங்கும்படி செய்கிறான்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். தீனியை அளந்து குறைத்து, வியர்க்கச் செய்து உடல் இறுகப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தொலைவு குறிக்கப்பட்டது. பழக்கப்படாதவற்றுக்கோ பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைல்தான். தகுதிக்கேற்பப் பயிற்சி, பயிற்சிக்கேற்பத் தொலைவு என்னும் நெறி அங்கே விளங்குகிறது. ஓடியவர்களுள் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர்.

உடலுக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவைத் தனி நூலாகவே ஆராய்ந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்குப் பகுதியில் பிறந்து கி.பி. 934இல் மறைந்தவர். அவர் இயற்றிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலின் பெயருக்கு உடல்கள், உள்ளங்கள் இவற்றின் நலன்கள் என்று பொருள். முற்பகுதி உணவு, உறக்கம், உடலசைவு முதலியவற்றைப் பேசுகிறது. பிற்பகுதி கோபம், அச்சம், துயரம், ஓயாத வஸ்வாஸ் ஆகியவற்றைப் பேசுகிறது. மனிதன் உடலும் உள்ளமும் இணைந்தவன். ஒன்று நோயுற்றால் மற்றொன்றும் தளரும் என்பது அவர் கருத்து. நலமாயிருப்பவன் மருந்தை முன்கூட்டியே வீட்டில் வைத்திருப்பது போல, திடீர்த் துன்பத்தைத் தாங்கும் எண்ணங்களையும் அமைதியான நாளிலேயே பழகி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இந்நூலின் பழம்பிரதி இஸ்தான்புல்லில் காக்கப்பட்டு, 1984இல் நிழற்படப் பதிப்பாக வெளிவந்தது.

அவருக்குப் பின் இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' மருத்துவ நூலில் உடற்பயிற்சிக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார். தலைப்புச் சொல் ரியாளத் என்பதே. மனிதன் தானே விரும்பிச் செய்வதாகவும், ஆழ்ந்த தொடர்ந்த மூச்சை உண்டாக்குவதாகவும் அவ்வசைவு இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தார். மற்போர், ஓட்டம், வில்வித்தை, குதிரையேற்றம் ஆகியவற்றைச் சொன்னவர் மெலிந்தோரையும் மறக்கவில்லை. ஊஞ்சலும் படகுப் பயணமும் அவர்களுக்குரிய பயிற்சிகள் என்றார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) 'இஹ்யா'வின் நாற்பது பகுதிகளுள் இருபத்திரண்டாவதை 'ரியாளத்துந் நஃப்ஸ்' பற்றி எழுதினார்கள். அழகிய கையெழுத்தை விரும்புகிறவன் கையைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறான். நாளடைவில் அக்கலை அவன் உள்ளத்தின் இயல்பாகவே ஆகிவிடுகிறது. உறுப்புகளின் பழக்கம் இதயத்தில் ஏறுகிறது என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று இது. அதே பகுதியில் சிறார் வளர்ப்பையும் பேசுகிறார்கள். சோம்பல் பற்றாமலிருக்கப் பகலில் நடையும் உடலசைவும் வேண்டும். மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும். ஆனால் விளையாட்டிலேயே களைத்துப்போக விடலாகாது. விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் பாடத்தைச் சுமத்தினால் பிள்ளையின் உள்ளம் செத்து, அறிவு மழுங்கும். இவ்வாறு எச்சரித்தவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எனப் போற்றப்படும் பேராசான் என்பதைப் பெற்றோர் கருதுதல் நன்று.

இவையெல்லாம் பழைய ஏடுகளோடு முடிந்த செய்திகளல்ல. நம் சேலம் மாவட்டத்திலேயே, ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவடகம்பட்டியில் 1995இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. காய்கறி விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்த அவர், மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகளில் உயரம் தாண்டினார். 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், 2024இல் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றார். உயரத்தில் சில சென்டிமீட்டர் குறைந்திருக்கலாம். எட்டாண்டுகள் பயிற்சியைக் கைவிடாது மும்முறையும் அந்தக் குறுக்குக் கம்பியின் முன் வந்து நின்றதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மற்போரில் பிறரை வீழ்த்துவோன் அல்லன் வீரன், கோபத்தின்போது தன்னை அடக்குவோனே வீரன் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். பலமுள்ள முஃமின் பலவீனமானவரை விட அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்றும், இருவரிடத்தும் நன்மை உண்டு என்றும் கூறியிருக்கிறார்கள். கடிவாளமில்லாத உடல்வலிமையை ரியாளத் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே அத்தந்தையாரிடம் நான் சொன்னது இதுதான்: "பையன் விளையாடட்டும். இரண்டை மட்டும் கவனியுங்கள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும், யாரும் அழைக்காமல் தானே திரும்பி வருகிறானா? தோற்ற நாளில் கோபமின்றி வீடு வருகிறானா? இவ்விரண்டும் இருந்தால் அவன் மைதானத்திலும் ஓதிக்கொண்டுதான் இருக்கிறான்."

அல்லாஹுத்தஆலா நம் மக்களுக்கு உடலிலும் உள்ளத்திலும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.